ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கும் வைரஸ் பரிசோதனை: யாருக்காக, எதற்காக?

ஆபரேஷன் தேதி குறித்த கையோடு ஒரு பரிசோதனைச் சீட்டும் வந்துவிடும். சர்க்கரை, ஹீமோகுளோபின், ரத்தம் உறையும் நேரம், ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே என்று நீளும் பட்டியலின் கடைசியில் மூன்று பெயர்கள் இருக்கும்: ஹெச்.ஐ.வி., ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி ஹெச்.சி.வி. ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த மூன்றையும் சேர்த்து ‘வைரல் மார்க்கர்’ என்பார்கள். முதல் பெயரைப் படித்ததுமே பலருக்கு முகம் மாறிவிடும். “ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தா இதெல்லாம் இன்னாத்துக்கு?” என்பது ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ எந்த லேப் வாசலிலும் காதில் விழக்கூடிய கேள்வி. பெரும்பாலும் கிடைக்கும் பதில் “ரூல்ஸ்” என்பதுதான்.

அந்தப் பதில் போதாது. இந்தப் பரிசோதனை கத்தி பிடிப்பவரைக் காப்பாற்றவா, மேசையில் படுத்திருப்பவரைக் காப்பாற்றவா? முதலாவதுதான் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். ஊழியர்களிலும் நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் கட்சி வேறு. கத்தி பிடிப்பவரைக் காப்பதில் இந்த ரிப்போர்ட்டுக்குப் பங்கு ரொம்பக் குறைவு. இதில் லாபம் அடைய வேண்டியவர் நோயாளிதான், அவருக்கு அதை யாராவது எடுத்துச் சொன்னால்.

முதலில் அந்த மூன்று பெயர்கள். ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம். பரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இதைக் கண்டு 1965-ல் வெளியிட்டார். 1976-ல் நோபல் பரிசு பெற்றார். பழைய லேப் சீட்டுகளில் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று எழுதியிருந்தால் அது இதுதான். ஆன்டி ஹெச்.சி.வி. என்பது ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிராக நம் உடல் உருவாக்கிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள். அந்த வைரஸையே 1989-ல்தான் அடையாளம் கண்டார்கள். மூன்றாவது ஹெச்.ஐ.வி. மூன்றுமே ரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியவை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கையைப் பிடிப்பதாலோ, பக்கத்துக் கட்டிலில் படுப்பதாலோ எதுவும் ஒட்டாது. ஆபரேஷன் தியேட்டரில் ரத்தமும் இருக்கிறது, கூர்மையான பொருள்களும் இருக்கின்றன, ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்கின்றன. அதனால்தான் அங்கே இந்த மூன்றைப் பற்றிய பேச்சு எழுகிறது.

தியேட்டரில் ஆபத்து எப்படி வரும்? தையல் ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஏறும். கத்தியைக் கைமாற்றும்போது நர்ஸுக்குக் கீறல் விழும். ரத்தம் கண்ணில் தெறிக்கும். வைரஸ் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்பதற்கு நெடுநாள் ஆய்வுகள் தந்த கணக்கு இருக்கிறது. ஹெபடைடிஸ் பி-யானால், தடுப்பூசி போடாத 100 பேரில் 30 பேருக்குக்கூடத் தொற்றலாம். ஹெபடைடிஸ் சி-யானால் 100-க்கு 2-க்கும் குறைவு. ஹெச்.ஐ.வி.யானால் 1000-க்கு 3. ஊரே நடுங்கும் வைரஸ்தான் ஊசி வழியாக மிகக் குறைவாகத் தொற்றுகிறது. ஹெபடைடிஸ் பி காய்ந்த ரத்தக்கறையில் ஏழு நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் கட்டிலை விட்டு நகர்வதில்லை. நல்லவேளையாக, தடுப்பூசி இருப்பதும் அந்த வைரஸுக்குத்தான். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேருகிறவர் மூன்று ஊசி போட்டு, எதிர்ப்புசக்தி வந்துவிட்டதா என்றும் பார்த்துவிட்டால் பெரிய கவலை அதோடு தீர்ந்தது. இதில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் டாக்டர்கள் அல்ல. பைக்குள் கிடக்கும் ஊசி தெரியாமல் குப்பையைக் கட்டி எடுத்துப்போகும் துப்புரவுப் பணியாளர்கள்தான்.

இனி அந்த ரிப்போர்ட் டாக்டருக்குக் கவசமா என்ற கேள்விக்கு வருவோம். வடசென்னையில் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வயதானவர்கள் இன்னமும் சொல்லும் அதே இடம். சுற்றிலும் துறைமுகம், அந்தப் பக்கம் எண்ணூர், இந்தப் பக்கம் மணலி, நடுவே கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகள். இங்கே கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. இயந்திரத்தில் கை சிக்கிய ஒருவரை ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கிவந்தால், வைரஸ் பரிசோதனை ரிப்போர்ட் வரட்டும் என்று எந்த டாக்டர் காத்திருப்பார்? ரத்தக்குழாயை ஒட்டவைக்க வேண்டிய நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நோயாளியின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேதான் கத்தியை எடுக்கிறார்கள். ரிப்போர்ட் இல்லாமல் அவ்வளவு பெரிய ஆபரேஷனைப் பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது என்றால், பாதுகாப்பு வேறு எங்கிருந்தோ வருகிறது என்றுதான் அர்த்தம்.

அது வருவது ஒரே ஒரு விதியிலிருந்து: எல்லோருடைய ரத்தத்தையும் தொற்று உள்ள ரத்தமாகவே நினைத்துக் கையாள வேண்டும். இந்த விதிக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு உண்டு, அதில் நம் ஊருக்கும் இடம் உண்டு. இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் சென்னையில்தான் தெரியவந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அதே காலத்தில் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் பீதி. யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டால் போதும் என்ற எண்ணம்தான் எல்லோருக்கும் முதலில் வந்தது. ஒதுக்கிப் பயனில்லை, ஏனென்றால் முகத்தைப் பார்த்தும் தெரியாது, சில வாரங்களுக்குப் பரிசோதனையிலும் தெரியாது. 1987-ல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், எந்த நோயாளி என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே முன்னெச்சரிக்கையோடு நடந்துகொள்ளுங்கள் என்று வழிகாட்டியது. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் ‘யூனிவர்சல் பிரிகாஷன்’ என்று சொல்வது அதைத்தான்.

கையுறை, முகக்கவசம், கண்ணாடி, நீர் ஊறாத அங்கி, ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் நேராகத் துளைபடாத டப்பாவில் போடுவது, ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் கருவிகளை ஆட்டோகிளேவில் வைப்பது. 121 டிகிரி நீராவியில் பதினைந்து இருபது நிமிடம் வைத்தால் இந்த மூன்று வைரஸில் ஒன்றும் மிஞ்சாது. அதனால், ‘பாசிட்டிவ்’ வந்தவரை லிஸ்டில் கடைசிக்குத் தள்ளுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. முந்தையவருக்குப் பயன்படுத்திய கருவியைச் சரியாக ஆட்டோகிளேவ் செய்யாத தியேட்டரில் முதல் ஆளாகப் போனால் மட்டும் என்ன பாதுகாப்பு? ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாசிட்டிவ் நோயாளிக்கு மட்டும் ‘ஸ்பெஷல் கிட்’ என்று பில்லில் ஒரு தொகை ஏற்றியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிட்டில் இருந்தது எல்லா நோயாளிக்கும் போட்டிருக்க வேண்டிய அங்கியும் கையுறையும்தான். மற்றவர்களுக்கு அதைப் போடவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது அந்த பில்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பிக் கையுறையைக் கழற்றுகிறவருக்குத்தான் உண்மையில் ஆபத்து. வைரஸ் உடம்புக்குள் நுழைந்த அன்றே பரிசோதனையில் அகப்படாது. ஹெபடைடிஸ் பி-யின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் தெரிய சராசரியாக நான்கு வாரம் ஆகும். ஹெபடைடிஸ் சி-க்கு எதிர்ப்புப் பொருள் உருவாக இரண்டு இரண்டரை மாதம் ஆகலாம். ஹெச்.ஐ.வி.க்குப் பரிசோதனையின் வகையைப் பொறுத்து மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை. இந்த இடைவெளியை லேபில் ‘விண்டோ பீரியட்’ என்பார்கள். அந்த நாட்களில் ரத்தம் பிறருக்குத் தொற்றும். ரிப்போர்ட்டோ ‘நான் ரியாக்டிவ்’ என்று சொல்லும்.

பாசிட்டிவுக்கும் இதே கதைதான், எதிர்த்திசையில். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

காசிமேட்டில் மீன்பிடிக்கிறவர்களுக்குச் சட்டெனப் புரியும். வலையின் கண்ணி சின்னதாக இருந்தால் மீன் தப்பாது, ஆனால் பாசியும் கிளிஞ்சலும் சேர்ந்தே வரும். கரைக்கு வந்துதான் பிரிக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் முதல் பரிசோதனை அந்தச் சின்னக் கண்ணி வலை. ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது என்றே வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் வைரஸ் இல்லாத சிலரும் அதில் சிக்குவார்கள். லேப் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதாமல் ‘ரியாக்டிவ்’ என்று எழுதுவது இதனால்தான். பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் நடக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறக்குறைய 0.2 சதவீதம், அதாவது 1000 பேருக்கு 2 பேர். ஒரு பரிசோதனை வைரஸ் இல்லாத 1000 பேரில் 5 பேரைத் தவறாக ‘ரியாக்டிவ்’ என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிக நல்ல பரிசோதனையாகத்தான் இருக்கிறது. இப்போது 1000 பேருக்குச் செய்தால், உண்மையில் உள்ள 2 பேரும் சிக்குவார்கள், இல்லாத 5 பேரும் சிக்குவார்கள். கையில் 7 ரியாக்டிவ் ரிப்போர்ட். அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒன்றுமே இல்லை! ஒரே ஒரு கார்டு டெஸ்ட்டை வைத்துக்கொண்டு மனைவியிடம் சண்டைக்குப் போகிறவரும், கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதுகிறவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அதற்காகத்தான் நம் தேசிய வழிகாட்டுதல், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஹெச்.ஐ.வி. உறுதி செய்ய வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளைக் கேட்கிறது. மூன்றிலும் ரியாக்டிவ் வந்தால்தான் பாசிட்டிவ். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை போட்ட அறை இருக்கும். ஸ்டான்லியிலும் உண்டு. அங்கே இந்தப் பரிசோதனை இலவசம். முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேச ஒரு ஆலோசகரும் இருப்பார். தனியார் லேபில் ரியாக்டிவ் வந்தவர் வீட்டில் போய் உடைந்து உட்காருவதற்கு முன்னால் போக வேண்டிய இடம் அது.

ஹெபடைடிஸ் சி-யில் வேறு ஒரு சிக்கல். அங்கே தேடுவது வைரஸை அல்ல, எதிர்ப்புப் பொருளை. வைரஸ் வந்து தானாகவே போய்விட்ட பிறகும், மருந்தால் முழுக்கக் குணமான பிறகும் அந்த எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். எனவே ரியாக்டிவ் என்றால் ‘எப்போதோ வந்தது’ என்று மட்டும்தான் அர்த்தம். இப்போது இருக்கிறதா என்று தெரிய, வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை வேண்டும். ஹெபடைடிஸ் பி-யில் ஒரு வேடிக்கை: தடுப்பூசி போட்டுக்கொண்ட சில நாட்களுக்குள் ரத்தம் கொடுத்தால், ஊசியில் இருந்த புரதமே பரிசோதனையில் தென்பட்டு ரியாக்டிவ் காட்டிவிடலாம். சமீபத்தில் ஊசி போட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, டாக்டருக்கு இதனால் பெரிய பாதுகாப்பு இல்லை, முடிவும் சட்டென்று நம்பத்தக்கதில்லை என்றால், ஏன் எடுக்க வேண்டும்? நோயாளிக்காக.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேரும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சிசேரியனோ சுகப்பிரசவமோ, அவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது முன்பே தெரிந்தால் பிறந்த குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தயாரான எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டுவிடலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் 100-க்கு 95 பேர் தாங்களாகவே அதை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ 100-க்கு 90 பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும்; பல வருடம் கழித்து ஈரல் சுருக்கமாகவோ ஈரல் புற்றுநோயாகவோ வெளியே வரும். ஹெச்.ஐ.வி.யிலும் இப்படித்தான். ஒன்றும் செய்யாவிட்டால் 15 முதல் 45 சதவீதம் குழந்தைகளுக்குப் போகக்கூடியது, தாய்க்கு மாத்திரை கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

பிரசவம் இல்லாத நோயாளிக்கும் லாபம் உண்டு. ஹெபடைடிஸ் பி ஈரலில் சத்தமில்லாமல் கிடக்கும். கட்டியை எடுத்த பிறகு கீமோதெரபி கொடுத்தாலோ, அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தாலோ விழித்துக்கொண்டு ஈரலைத் தாக்கும். இருப்பது தெரிந்தால் தடுப்பு மாத்திரையை முன்னாலேயே ஆரம்பித்துவிடலாம். ஹெபடைடிஸ் சி-க்கு இப்போது 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுக்கக் குணம். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மாத்திரை இலவசம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022-க்கான கணக்குப்படி இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் ஏறக்குறைய 3 கோடி பேர். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்விடுகிறது, ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள், ரியாக்டிவ் என்று இருந்ததை வைத்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்பதும் நடக்கிறது. இந்தப் பரிசோதனையின் பெரிய தோல்வி என்று நான் நினைப்பது இதைத்தான்.

கோவிட் காலம் இதையே வேறு கோணத்தில் காட்டியது. 2020 மே, ஜூனில் சென்னையில் தொற்று மிக அதிகமாக இருந்த மண்டலம் ராயபுரம். அப்போது ஆபரேஷன் என்றாலே மூக்கில் குச்சி விட்டு ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தாக வேண்டும். அது ரத்தத்தில் பரவுவதல்ல, மூச்சில் பரவுவது. மயக்க மருந்து கொடுக்கத் தொண்டையில் குழாய் விடும் டாக்டரின் முகத்துக்கு நேரே வருவது. ஆனால் அங்கும் நோயாளிக்கே பெரிய ஆபத்து இருந்தது. 24 நாடுகளில் செய்து அந்த வருடமே வெளிவந்த ஓர் ஆய்வில், ஆபரேஷனை ஒட்டிக் கோவிட் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். அதனால்தான் கோவிட் வந்தவர்களுக்கு அவசரமில்லாத ஆபரேஷன்களை ஏழு வாரம் தள்ளிவைக்கச் சொன்னார்கள். தடுப்பூசி வந்து, நோயின் வேகமும் தணிந்த பிறகு, அறிகுறி இல்லாதவருக்கு அந்தப் பரிசோதனை தேவைப்படாமல் போய்விட்டது. முடிவு தெரிந்தால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா என்பதுதான் எந்தப் பரிசோதனைக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, உங்களுக்கு விளக்கிச் சொல்லி உங்கள் சம்மதம் பெற்ற பிறகே ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாம். பரிசோதனை செய்தால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போடக் கூடாது. பாசிட்டிவ் என்பதற்காக ஆபரேஷனை மறுக்கக் கூடாது. முடிவை உங்கள் அனுமதி இல்லாமல் பிறரிடம் சொல்லக் கூடாது. கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுவதெல்லாம் அதில் வரும். அதே சட்டம் ஊழியர்களுக்கும் உரிமை தருகிறது: ரத்தம் படும் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகளும், ஊசி குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் நிர்வாகம் கொடுத்தாக வேண்டும். குத்தியதும் விரலை வாயில் வைக்காமல், பிதுக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். நோயாளியின் பரிசோதனை முடிவு ஊழியருக்கு உண்மையாகவே உதவும் நேரம் இதுதான். மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று தீர்மானிக்கலாம்.

இந்தச் சட்டம் ஹெச்.ஐ.வி.க்கு மட்டும்தான். ஹெபடைடிஸ் பி, சி-க்கு இப்படித் தனிச்சட்டம் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கச் சட்டம் தேவையில்லை. “சார், இது முதல் டெஸ்ட்டா, உறுதி செய்ததா?” “இந்த ரிசல்ட்டால என் ஆபரேஷன்ல என்ன மாறும்?” “முடிஞ்சப்புறம் நான் எந்த ஓ.பி.க்குப் போகணும்?” மூன்றாவது கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்.

ஹெபடைடிஸ் பி உறுதியானால், ஆபரேஷன் காயம் ஆறியதும் ஈரல் நோய்ப் பிரிவுக்குப் போய் வைரஸ் அளவும் ஈரல் நிலையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. தேவைப்படாதவர்களும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். வீட்டில் இருப்பவர்கள், குறிப்பாக மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், எல்லோருக்கும் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அதுவரை பிளேடு, ஷேவிங் செட், பல் பிரஷ் தனித்தனி. தம்பதிகள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். மூன்றாவது ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கணவனோ மனைவியோ எதிர்ப்புசக்தி அளவைப் பார்த்துவிட வேண்டும். லேப் சீட்டில் 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி வேலை செய்துவிட்டது. குறைந்தால் இன்னொரு சுற்று ஊசி போடச் சொல்வார்கள்.